வள்ளத்துக்குத் துணி எடுத்த நாள்

தொடாதே என்று கடைக்கார அக்கா சொல்லி முடிப்பதற்குள் நான் தொட்டுவிட்டேன். துணி என்று ஒன்று கண்ணில் பட்டால் என் கை தானாக நீளும், கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து ஒரு தேய்ப்புத் தேய்த்துவிடும், சேலைக் கடையிலும் அப்படித்தான், கோயிலில் பீடத்து விரிப்பானாலும் அப்படித்தான். இது நூல் துணி இல்லை, கண்ணாடி இழையில் நெய்த துணி, கடலுக்குப் போகிற வள்ளத்தின் பலகை மேல் விரித்து ரெசின் பசை ஊற்றி ஒட்டுகிற துணி என்று தெரிந்துதான் நாகர்கோவிலுக்குப் பஸ் ஏறினேன், தெரிந்தும் தொட்டேன். மத்தியானம் தொட்டது இன்னும் அரிக்கிறது. பிள்ளை தூங்கிவிட்டாள், அவரும் தூங்கிவிட்டார், நான் அடுக்களை விளக்கைப் போட்டுக்கொண்டு இதை எழுதுகிறேன், ஒரு வரி முடிவதற்குள் விரல் இடுக்கைச் சொறிய வேண்டியிருக்கிறது. தேங்காயெண்ணெய் தேய்த்தாயிற்று, பச்சைத் தண்ணீரில் கழுவியாயிற்று, செல்லோ டேப்பை ஒட்டி ஒட்டி உரித்தாயிற்று. போகட்டும். படிக்கிற காலத்தில் போர்டிங்கில் படுக்கப் போகும்முன் சிஸ்டர் கொர்னேலியா எங்களை முழங்காலில் நிறுத்தி அன்றைய நாளுக்கு நன்றி சொல்ல வைப்பார்கள், பெரிய காரியத்துக்கு எல்லாரும் சொல்லுவார்கள், நீங்கள் சின்னதுக்குச் சொல்லுங்கள் என்பார்கள், நான் ஒருநாள் சாம்பாரில் வண்டு இல்லாததற்கு நன்றி என்று சத்தமாகச் சொல்லிக் காதில் திருகு வாங்கினேன். அந்தப் பழக்கம் விடவில்லை. அரிப்புக்கு நன்றி என்று ஆரம்பிக்கலாம், பிள்ளையைத் தூக்கும்முன் கையைக் கழுவ வேண்டும் என்ற நினைப்பு அதனால்தான் வந்தது. அப்புறம் உள்ளே தூங்குகிற அவருடைய மூச்சுக்கு நன்றி. அது கேட்கிறதா என்று எழுதுவதை நிறுத்திப் பார்த்தேன். கேட்கிறது. இப்படித்தான் என் நன்றி எப்போதும், பாதியில் நின்று காதைத் தீட்டிக்கொண்டு, எதற்குச் சொன்னேனோ அதைத் திரும்ப எடுத்துவிடுவார்களோ என்று பார்த்துக்கொண்டு.

கடை என்றால் பெரிய கடை இல்லை, ஒர்க்‌ஷாப்புக்கும் பெயிண்ட் கடைக்கும் நடுவில் ஒரு நீட்டு அறை, உள்ளே நுழையும்போதே ரெசின் வாடை தொண்டையில் ஒட்டும். அதனால் அவர் பிள்ளை ஜோவிதாவைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலிலேயே நின்றுவிட்டார். கிளீட்டஸ் என்று ஊரில் கூப்பிட்டால் கடலில் இருந்துகூடத் திரும்பிப் பார்ப்பார், ஆனால் கடைக்குள் கூப்பிட்டால் காதே கேட்காது. "நீ போய் பாரு பிள்ளே. துணிக் காரியம் எனக்கு என்ன தெரியும்? சேலை எடுக்கப் போனாலும் நான் வாசல்ல செருப்புக்குக் காவல் நிக்கிறவன்." கடைக்கார அக்கா பெயர் ரத்னபாய், மூக்குக் கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்டுக்கொண்டு, மேசைக்குப் பின்னால் நுங்கு தின்றுகொண்டிருந்தார். "வள்ளம் ஓட்டுகவன் வெளிய, பிள்ள பெத்தவ உள்ளயா? நல்ல குடும்பந்தான்" என்று சிரித்தார். அவர் வெளியே இருந்தே, "அவதான் அக்கா வள்ளத்தையே தைச்சவ. போர்த்துகதும் அவளே போர்த்தட்டும்னுதான்" என்றார். அது உண்மைதான், தைத்தவள் நான்தான். எங்கள் பக்கத்தில் பிளைவுட் வள்ளம் கட்டுகிறவர்கள் பலகைகளை ஆணி அடித்துச் சேர்ப்பதில்லை, ஓரத்தில் துளை போட்டு, செம்புக் கம்பியால் தைத்து, வளைத்து இழுத்து முறுக்கிக் கட்டுவார்கள். முற்றத்தில் அவர் துளை போடப் போட நான் பின்னாலேயே கம்பி கோத்துக்கொண்டு போனேன், தைக்கும்முன் சட்டைக்கு ஓட்டுத் தையலாய் டாக்கா போடுகிற மாதிரி, பட்டையான பலகைகள் என் தையலில் மெல்ல மேலே எழும்பி ஒரு நாள் வள்ளத்தின் வடிவத்துக்கு வந்து நின்றன. எனக்கே நம்பிக்கை வரவில்லை, கப்பல் கட்டினவள் மாதிரி ரெண்டு நாள் நடந்தேன். மூன்றாம் நாள் இதில்தானே அவர் போவார் என்று தோன்றிவிட்டது. அதற்கப்புறம் நான் ஒவ்வொரு தையலையும் போய்ப் போய்ப் பார்க்கிறவள் ஆனேன்.

ரத்னபாய் அக்கா மூன்று சுருளை எடுத்து மேசையில் உருட்டினார். முதலாவது மேட். அதற்கு நெசவே கிடையாது, வெட்டிப் போட்ட இழைகளைக் கண்டபடி தூவி அமுக்கி வைத்தது, உலர்ந்த சேமியாவைப் பரப்பி அயர்ன் போட்டது போல. "கடப்பொறத்துக்காரங்க எல்லாருமே மேட்டுதான் கேப்பாங்க. நீயும் மேட்டுதானே?" நான் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். போன வருஷம் ஆடியில் இவர் கூலிக்குப் போன வள்ளமும் மேட் போட்டதுதான். வெளியே பார்க்கத் தடியாக, பச்சைப் பெயிண்டில் மினுமினுவென்று இருந்ததாம், உள்ளே கல்லில் இருந்து தோசை எடுபடுகிற மாதிரி மேட் இறுகிய அந்தத் தோல் பலகையை விட்டு எடுபட்டு, நடுவில் தண்ணீர் புகுந்து நின்று, பலகை காப்பியில் போட்ட ரஸ்க்காக ஆகியிருந்தது. யாருக்குத் தெரியும், தோல் இருந்தால் போதும் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு அலை தூக்கி அடித்ததில் அடிப்பலகை பிளந்துவிட்டது. இவரும் ஆன்றோவும், ஆன்றோ இவருடைய சித்தி மகன், இரண்டு பேரும் ஒரு கேனைப் பிடித்துக்கொண்டு விடிய விடியக் கிடந்தார்கள். நான் நிறைமாசம். கோயில் மணி அடித்ததும் எழுந்ததும் கரைக்குப் போனதும் எல்லாம் எனக்கு வரிசையாக ஞாபகம் இல்லை, என் சேலை முந்தானை ஈர மணலில் இழுபட்டதும் அதில் ஒரு சிப்பி ஒட்டியிருந்ததும்தான் இருக்கிறது, நான் அந்தச் சிப்பியைப் பிய்த்து எறியாமல் பிடித்துக்கொண்டே இருந்தேன், எறிந்தால் அவரும் போய்விடுவார் என்பது போல. வேறு ஊர் வள்ளக்காரர்கள் கண்டு எடுத்து வந்தார்கள். அவர்கள் பெயர் இன்னும் எனக்குத் தெரியாது. பெயர் தெரியாதவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியாமல் அந்தப் பக்கத்துக் கடல் முழுவதுக்கும் சொல்லிவைத்திருக்கிறேன். அந்த வாரமே எனக்கு வலி வந்து, ஆபரேஷன் செய்து ஜோவிதாவை எடுத்தார்கள். கண் விழித்தபோது கட்டில் பக்கத்தில் உப்பு வெடித்த உதட்டோடு அவர் உட்கார்ந்திருந்தார், கையில் பொதிந்த பிள்ளை. ரெண்டு பேரும் இருக்கிறார்கள். ரெண்டு பேரும் இருக்கிறார்கள். அதைத்தான் நான் அன்றிலிருந்து மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், வேறு ஜெபம் மனசில் நிற்பதில்லை.

"மேட் வேண்டாம் அக்கா." "அப்ப இதப் பாரு." இரண்டாவது சுருள் ரோவிங். கோரைப்பாய் மாதிரி பட்டை பட்டையாக முடைந்தது, கையில் எடுத்தால் அதற்கென்று ஒரு கனம், ஒரு திமிர். பலகைத் துண்டில் அதை ஒட்டிக் காயவைத்த சாம்பிளை அக்கா மேசையில் தட்டினார், கருங்கல்லைத் தட்டுகிற சத்தம். "இத ரெண்டு சுத்துப் போட்டியானா யானை மிதிச்சாலும் உடையாது. ஆனா ரெண்டு பேரு தள்ளி எறக்க முடியாது, பாத்துக்கோ. நாலு பேராவது வேணும்." யானை எனக்குக் காதில் விழவில்லை. ரெண்டு பேர் தள்ள முடியாது என்பதுதான் விழுந்தது, விழுந்து அங்கேயே சிக்கிக்கொண்டது. இவரும் ஆன்றோவும் ரெண்டு பேர்தான். கரையில் அலை ஒன்றுக்குப் பின் ஒன்றாக உடைகிற நாளில், மற்றவர்கள் யாரும் கடலுக்கு வராத நாளில், தள்ளிவிட ஆள் இருக்காது. ஆள் இல்லாவிட்டால் போகமாட்டார். வள்ளம் மணலில் கிடக்கும். அவர் வீட்டுக்கு வருவார், என்னத்த செய்ய, ஆள் இல்ல என்று சட்டையைக் கழற்றி மாட்டுவார், நான் வருத்தப்படுகிற முகத்தோடு காப்பி போடுவேன். அப்படி ஒரு நாள், அப்படி இன்னொரு நாள். கொஞ்சம் கொஞ்சமாக வள்ளம் முற்றத்துக்கே திரும்பி வந்துவிடும், அடியில் கோழி முட்டையிடும், ஜோவிதா அதன் மேல் ஏறிச் சறுக்கி விளையாடுவாள். பாவம் இல்லை, பொய் இல்லை, எல்லாவற்றையும் விட உறுதியான துணியைத்தானே எடுத்தேன் என்று சிஸ்டர் முன்னாலேயே நின்று சொல்லலாம். "இதுவே போதும் அக்கா" என்றேன். வாசலைப் பார்த்து, "இஞ்சேருங்க, இந்தத் தடிசு எடுக்கட்டுமா?" என்றேன். அவர் பிள்ளையின் கையை ஆட்டிக்கொண்டு ஒரு ஆட்டோவைக் காட்டிக்கொண்டிருந்தார். திரும்பக்கூட இல்லை. "நீ பாத்தா சரி" என்றார்.

நீ பாத்தா சரி. ஒரு கேள்வி கேட்டிருந்தால் நான் தப்பித்திருப்பேன், ஏன் இவ்வளவு தடிசு என்று ஒரு வார்த்தை. கரையில் நின்று பார்க்கிற எனக்கே வள்ளம் அலையில் ஏறுவது தெரியும், அலை வரும்போது முன்பக்கம் தலையைத் தூக்க வேண்டும், தூக்காவிட்டால் தண்ணீர் உள்ளே வரும். கனத்தது எப்படித் தூக்கும்? இவர் போகாமல் இருந்துவிடுவார் என்று யார் சொன்னது? கடன் வாங்கியாவது ஆளைக் கூட்டுவார், தோளைக் கொடுத்துத் தள்ளுவார், இடுப்புப் பிடித்தாலும் தள்ளுவார், போகாமல் இருக்கிற ஆளா? போவார். கனத்த வள்ளத்தில் போவார். அக்கா ரோவிங்கை அளந்து வெட்டக் கத்தரியைத் தேடினார், நுங்குத் தோலுக்கு அடியில் எங்கேயோ போய்விட்டது, "இப்பத்தான் வச்சேன், எவன் எடுத்தான்" என்று தன்னையே திட்டிக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில்தான் நான் மூன்று சுருளுக்கும் இருந்த சாம்பிள் பலகைகளை ஒவ்வொன்றாகக் கையில் ஏந்திப் பார்த்தேன். பிள்ளையைத் தூக்கித் தூக்கி என் கைக்கு எடை நன்றாகத் தெரியும், பால் குடிக்குமுன் இருந்த ஜோவிதாவும் குடித்த பின் இருக்கிற ஜோவிதாவும் எனக்கு வேறு வேறு கனம். ரோவிங் ஒட்டிய பலகை கையைக் கீழே இழுத்தது. மூன்றாவது பலகையில் ஒன்றுமே ஒட்டவில்லை என்று நினைத்தேன், வெறும் மரம், அதன் வரிகள் அப்படியே தெரிந்தன, மேலே வார்னிஷ் போட்ட மாதிரி ஒரு பளபளப்பு. "இதுல துணி எங்க அக்கா?" "இருக்குல்லா. ரெசின் குடிச்சா அது தெரியாது. நகத்த வச்சு கீறிப் பாரு." கீறினேன். நகம்தான் மடங்கியது. கைக்குக் கனமே இல்லை.

அவர் கடலில் கிடந்த அந்த ராத்திரியைப் பற்றி அதிகம் பேசமாட்டார். ஒரே ஒரு முறை, ஆபரேஷன் தையல் வலித்து நான் அழுதுகொண்டிருந்தபோது, பேச்சை மாற்றுவதற்கோ என்னவோ சொன்னார். "வள்ளத்துல ரெண்டு கேன் இருந்திச்சு கேட்டியா. எண்ணெய் நிறைஞ்சது ஒண்ணு, தீந்தது ஒண்ணு. ஆன்றோ மொதல்ல நிறைஞ்சதத்தான் போய்ப் பிடிச்சான், பெருசா கட்டியா இருக்கேன்னு. பிடிச்ச ஒடனே அவனும் அதுவும் சேந்து முங்குது. நாந்தான் கத்தினேன், லேய், காலிய பிடி லேய், காலிய பிடின்னு. தீந்த கேனுதான் எங்க ரெண்டு பேரையும் வச்சிருந்திச்சு." சொல்லிவிட்டுச் சிரித்தார், "அண்ணைக்கு எண்ணெய் மிச்சம் பிடிச்சிருந்தா தீந்தேன்." நான் அப்போது சிரிக்கவில்லை. கடையில், அந்தப் பலகையைக் கையில் வைத்துக்கொண்டு, சிரிப்பு மாதிரி ஏதோ வந்தது. அக்காவுக்குக் கத்தரி கிடைத்துவிட்டது. "அக்கா, வெட்டாதீங்க. அது வேண்டாம். மூணாவது." "அது மெல்லிசுல்லா மக்களே. உங்க ஆளுங்க அத எடுக்க மாட்டாங்க, கையில எடுத்துப் பாத்துட்டு இது என்ன மாப்பிள்ள வேட்டியான்னு கேப்பாங்க." "ஒரு முழம் விரிங்க, பாக்கட்டும்." விரித்தார். அதற்கு நெசவு இருந்தது, பாவும் ஊடும் நெருக்கமாக, சாட்டின் மாதிரி ஒரு வழுக்கல். நான் சுடிதார் ஷாலைக் கையில் சுற்றிக்கொண்டு அதை மூலைக்கு மூலை பிடித்து இழுத்தேன். நேராக இழுத்தால் அசையவில்லை, கிராஸில், மூலைவாட்டாக, இழுத்தால் மூச்சு விடுகிற மாதிரி நீண்டு கொடுத்தது. ரவிக்கைக்குக் கிராஸ் கட்டிங் எதற்கு, உடம்பு வளைகிற இடத்தில் துணியும் வளையத்தான். மேசை முனையில் அதைக் கிராஸாகப் போட்டு உள்ளங்கையால் தடவிவிட்டேன், ஒரு சுருக்கம் இல்லாமல் முனையைக் கட்டிப் பிடித்துக்கொண்டது. ரோவிங்கை எடுத்து அதே முனையில் போட்டேன், அது பந்திப் பாய் மாதிரி விறைத்துக்கொண்டு நின்றது, அடியில் என் முழுக்கையும் போகிற அளவுக்கு இடைவெளி. அங்கேதானே தண்ணீர் வந்து உட்காரும். "உடம்பு பூரா மெல்லிசு, மணல்ல தேயுற அடியில மட்டும் மூணு மடிப்பு, முன்மூக்குக்குக் கிராஸில வெட்டிக்கிடுவேன்" என்றேன். ரத்னபாய் அக்கா கண்ணாடியை மூக்கில் ஏற்றி என்னைப் பார்த்தார். "வள்ளத்துக்கு ஜாக்கெட் தைக்கப் போறியா?" "ஆமா அக்கா." "லைனிங் வைக்க மறந்துராத" என்று சொல்லி வெட்ட ஆரம்பித்தார். கத்தரி ஓடுகிற சத்தம் கேட்டதும் அவர் வாசலில் இருந்து எட்டிப் பார்த்தார். "மாத்திட்டியா?" "மாத்திட்டேன்." "ஏன்?" இப்போது கேட்கிறார். "இதுன்னா ரெண்டு பேரு தள்ளலாம்" என்றேன். என் வாயில் இருந்துதான் வந்தது அது. அவர் பிள்ளையை வேறு தோளுக்கு மாற்றினார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் சுருளை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு வந்தோம், கண்டக்டர் அதற்கும் ஒரு டிக்கெட் கேட்பேன் என்று வம்பிழுத்தான், அவர் பாதி டிக்கெட் போடு, இன்னும் ஞானஸ்நானம் ஆகல்ல என்றார். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்ததும் ஜோவிதாவைப் பக்கத்து வீட்டு மேபலிடம் விட்டுவிட்டு, வெளிச்சம் இருக்கும்போதே முற்றத்தில் வேலையைத் தொடங்கினோம். வள்ளம் கவிழ்த்துப் போட்டபடி இருந்தது. உள்பக்கம் மூட்டுகளில் பசையும் மரப்பொடியும் குழைத்துப் பூசி என்றோ இறுகிவிட்டது, இனி என் கம்பித் தையலுக்கு வேலை இல்லை, வெளியே நீட்டிக்கொண்டிருப்பதை எல்லாம் வெட்டி எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் துணி படியாது. கட்டிங் பிளேயரை என்னிடம் கொடுத்துவிட்டு அவர் தண்ணீர் இறைக்கப் போனார். ஒவ்வொன்றாக வெட்டினேன். ஆஸ்பத்திரியில் தையல் பிரிக்க வந்த நர்ஸ் ஞாபகத்தில் வந்தார், நான் வயிற்றை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு வேண்டாம் சிஸ்டர், திறந்துரும், திறந்துரும் என்று கத்தினேன், அவர் கோபப்படாமல், நூல் பிடிச்சது மொத ரெண்டு நாளுதான் மக்களே, அதுக்குப் பெறவு நீதான் பிடிச்சுக்கிட்டிருக்க என்றார். அந்த நர்ஸுக்கும் நன்றி, அவர் பெயரும் எனக்குத் தெரியாது. வெட்டிக்கொண்டே போய் முன்மூக்குக்கு வந்தேன், அலையை முதலில் வாங்குகிற இடம், பலகைகள் எல்லாம் வந்து கூடுகிற இடம். அங்கே கடைசித் தையல். அதை மட்டும் வெட்ட முடியவில்லை. ஒன்றுதானே, இருந்துவிட்டுப் போகட்டும், யாருக்குத் தெரியப்போகிறது என்று தட்டி அமுக்கிவிட்டு வந்துவிட்டேன்.

கைக்கு பிளாஸ்டிக் கவர் சுற்றிக்கொண்டு இருவருமாகத் துணியை விரித்தோம். ரெசின் இல்லை, இன்று அளவு பார்க்க மட்டும். காற்றில் ஒரு முறை உப்பி, வெள்ளையாக, மெதுவாக இறங்கி வள்ளத்தின் மேல் படிந்தது. நான் இரண்டு அடி பின்னால் போய் நின்று பார்த்தேன், பார்த்திருக்கக் கூடாது. நீளமாக ஒன்று படுத்திருக்கிறது, தலையில் இருந்து கால்வரை வெள்ளைத் துணி மூடியிருக்கிறது. அன்று கரையில் அவரை மூடக் கொண்டுவந்து வைத்திருப்பார்களோ என்று நான் திரும்பிப் பார்க்காமலே நின்ற அந்தத் துணி, ஒரு வருஷம் கழித்து என் முற்றத்துக்கே வந்துவிட்டது, நானே கடைக்குப் போய் இழுத்துப் பார்த்து எடுத்து வந்திருக்கிறேன். ஞானஸ்நானத் துணி, ஞானஸ்நானத் துணி என்று சொல்லிக்கொண்டேன், அதுவும் வெள்ளைதானே, ஜோவிதாவின் தலையில் போட்டதும் வெள்ளைதானே, அது உதவவில்லை. அவர் அதற்குள் உள்ளங்கையால் துணியை நீவிக்கொண்டே முன்பக்கத்துக்குப் போய்விட்டார். அங்கே நின்று குனிந்தார். "இதென்ன பிள்ளே, ஒனக்க அப்பன் மூக்கு மாதிரி ஒண்ணு துருத்திக்கிட்டு நிக்கி?" என் அப்பாவின் மூக்கு எங்கள் குடும்பத்தில் பிரசித்தம், கல்யாணப் போட்டோவில் நிழலே தனியாக விழும். மூடியிருந்த அந்த வெள்ளைக்கு ஒரு மூக்கு. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, வந்தது நிற்கவில்லை, நடுவிலே அழுகையாக மாறிவிட்டது, எது எங்கே முடிந்தது என்று தெரியவில்லை. அவர் துணியைத் தூக்கிப் பார்த்தார். கம்பியைப் பார்த்தார். நான் ஏன் விட்டேன் என்று கேட்பார் என்று நின்றேன். கேட்கவில்லை. அடியில் கிடந்த பிளேயரை எடுத்து, பிடி என் பக்கம் வருகிற மாதிரித் திருப்பி நீட்டினார். "நீ தைச்சதுதானே" என்றார்.

ஒரு கையால் இரண்டு பலகைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டேன், மற்றக் கையால் வெட்டினேன். டிக் என்று சின்னதாக ஒரு சத்தம், கம்பித் துண்டு தெறித்து மணலில் விழுந்தது. நான் பிடித்த பிடியை விடவில்லை. மேபல் வீட்டில் இருந்து பிள்ளை சிணுங்குகிற சத்தம் கேட்டது, கடலும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. "விடு" என்றார். விட்டேன். ஒன்றும் பிரியவில்லை. துணியை மறுபடி போட்டு, கிராஸில் லேசாக இழுத்து, மூக்கைச் சுற்றித் தடவிவிட்டேன். படிந்துகொண்டது.